ஓவல் மண் தடத்தில் பைக் மக்கர் செய்தால்: அறிகுறியிலிருந்து பழுதுக்கு

ஸ்பீட்வே பந்தயம் என்றால் நாலு பேர், நாலு சுற்று, ஏறத்தாழ ஒரு நிமிடம். 500 சிசி ஒற்றை சிலிண்டர், மெத்தனால் எரிபொருள், ஓட்டும்போது ஒரே கியர், பிரேக் கிடையாது, திருப்பமெல்லாம் இடப்பக்கம். இவ்வளவு எளிய வண்டியில் பழுது கண்டுபிடிப்பது சுலபமாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் பிட்டுக்கு (வண்டிகளைச் சரிசெய்யும் இடத்துக்கு)த் திரும்பி வரும் ஓட்டுநர் சொல்வது பெரும்பாலும் ஒரே வாக்கியம்: "எஞ்சின் இழுக்கல." கிளட்ச், எரிபொருள், பல் கணக்கு (முன், பின் செயின் சக்கரங்களின் பல் எண்ணிக்கை), டயர், தடம் எல்லாமே அந்த ஒரு வாக்கியத்துக்குள் ஒளிந்திருக்கும். எஞ்சினே குற்றவாளியாக இருப்பது அபூர்வம்.

அதனால் ஸ்பேனரை எடுப்பதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: அந்த ஒரு நிமிடத்தில் எப்போது? தொடக்கக் கோட்டில் குறுக்கே கட்டிய நாடா எழும்போதா, முதல் திருப்பத்துக்குள் நுழையும்போதா, திருப்பம் முடிந்து நேர்ப்பகுதியைப் பிடிக்கும்போதா, மூன்றாவது சுற்றிலா? கீழே உள்ள தலைப்புகள் அறிகுறி வாரியாகப் பிரிக்கப்பட்டவை. ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத சோதனை முதலில், செலவு வைப்பது கடைசியில். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஜெட்டையும் (கார்புரேட்டரில் எரிபொருள் அளவைத் தீர்மானிக்கும் சிறு துளைத் திருகு) பல்லையும் டயர் காற்றையும் சேர்த்து மாற்றிவிட்டு வண்டி சரியானால், எது சரிசெய்தது என்பது யாருக்கும் தெரியாது. அடுத்த வாரம் அதே பழுது வரும்போது மறுபடி மூன்றையும் மாற்றிக்கொண்டிருப்பீர்கள்.

தொடுவதற்கு முன்

மெத்தனால் நஞ்சு. தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும், கண் பார்வையைப் பறிக்கும். கையுறை கட்டாயம், குழாயை வாயால் உறிஞ்சி எரிபொருள் எடுக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். பகல் வெளிச்சத்தில் அதன் தீ கண்ணுக்கு ஏறக்குறையத் தெரியாது. எரிவதே தெரியாமல் கை வைத்துவிடுவோம். பக்கத்தில் நிறையத் தண்ணீர் இருக்கட்டும். மெத்தனால் தண்ணீரில் கரைவதால் தண்ணீர் ஊற்றி அணைக்கலாம்.

எஞ்சின் ஓடும்போது செயினைத் துணியால் துடைக்காதீர்கள். மண் தடப் பிட்டுகளில் விரல் போகிற வழி அது.

1. தள்ளினாலும் எஞ்சின் பிடிக்கவில்லை

முதலில் வலது மணிக்கட்டில் கட்டும் கட்-அவுட் கயிறு. ஓட்டுநர் விழுந்தால் எஞ்சினை நிறுத்த வேண்டிய சாதனம் இது. பின் சரியாகச் சொருகப்படாவிட்டால் எவ்வளவு தள்ளினாலும் ஸ்பார்க் வராது. அடுத்து எரிபொருள் டேப் திறந்திருக்கிறதா. இந்த இரண்டையும் பார்த்துவிட்டு மேலே படியுங்கள். இங்கேயே முடிந்துவிடும் கேஸ்கள் நிறைய, யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள்.

*ஸ்பார்க் இருக்கிறதா?* எரிபொருள் டேப்பை மூடுங்கள். பிளக்கைக் கழற்றி, பிளக் துளையை ஒரு துணியால் மூடி, பிளக்கைத் துளையிலிருந்து தள்ளி எஞ்சின் உடம்பில் அழுத்தி வைத்து, பின் சக்கரத்தைச் சுழற்றுங்கள்.

ஸ்பார்க் இல்லை என்றால்: புது பிளக், பிறகு பிளக் கேப், பிறகு கட்-அவுட் இணைப்பைக் கழற்றிவிட்டு மறுபடி ஸ்பார்க் பாருங்கள். கழற்றியதும் ஸ்பார்க் வந்தால் குற்றவாளி கட்-அவுட் சுவிட்ச். வண்டியைக் கழுவும்போது தண்ணீர் உள்ளே போயிருக்கும். காற்றடித்துக் காயவைத்தால் சரியாகிவிடும், இல்லையென்றால் மாற்றுங்கள். கட்-அவுட் இல்லாமல் எஞ்சினை ஓட்டிப் பார்க்கக் கூடாது. இந்தச் சோதனை ஸ்பார்க் பார்க்க மட்டும். அப்போதும் ஸ்பார்க் இல்லையா, பிக்கப் காயிலிலிருந்து வரும் வயர் எங்காவது சட்டத்தில் (ஃபிரேமில்) உரசித் தேய்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிக்கொண்டே வாருங்கள். அதற்கும் மேல் இக்னிஷன் பெட்டி. அதை அதற்குரிய சோதனைக் கருவி உள்ளவரிடம் கொடுங்கள், திறந்து பார்த்து ஒரு பயனும் இல்லை.

ஸ்பார்க் இருக்கிறது, பிளக் ஈரமாக இருக்கிறது என்றால்: மெத்தனால் குளிரில் எளிதில் ஆவியாகாது. குளிர்ந்த எஞ்சினில் காற்று நுழையும் வாயில் சில சொட்டுப் பெட்ரோல் விட்டுத் தள்ளினால் பிடித்துக்கொள்ளும். பிடித்து உடனே அணைந்தால் எரிபொருளில் தண்ணீர் இருக்கலாம். மெத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். பெட்ரோலில் போலத் தண்ணீர் அடியில் தனியாக நிற்காது, கலந்துவிடும், கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. அடர்த்திமானி ஒன்று வாங்கி வையுங்கள். 20 டிகிரியில் தூய மெத்தனால் 0.792 காட்டும். வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் அளவு ஏறக்குறைய 0.001 இறங்கும், அதைக் கணக்கில் சேருங்கள். 20 டிகிரியில் 0.80-ஐத் தாண்டினால் அந்தக் கேனைப் பந்தயத்துக்கு எடுக்காதீர்கள். மூடி திறந்து கிடந்த கேன், பாதி காலியாக மாதக்கணக்கில் நின்ற கேன் இரண்டுமே சந்தேகத்துக்குரியவை.

ஸ்பார்க்கும் எரிபொருளும் சரி, தள்ளும்போது அழுத்தமே தெரியவில்லை என்றால்: முதலில் கிளட்ச் வழுக்குகிறதா பாருங்கள், அடுத்த தலைப்பில் இருக்கிறது. கிளட்ச் சரி என்றால் எஞ்சின் குளிர்ந்த நிலையில் வால்வ் இடைவெளியை ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) அளவிடுங்கள். இடைவெளியே இல்லாவிட்டால் வால்வ் மூடாது, அழுத்தம் நிற்காது. இடைவெளி சரியாக இருந்தும் அழுத்தம் இல்லையென்றால் எஞ்சின் கட்டுபவரிடம் போக வேண்டிய வேலை.

2. நாடா எழும்போது கோளாறு

பந்தயத்தின் பாதி இங்கேயே முடிந்துவிடுகிறது என்பதால் இந்தத் தலைப்புக்கு அதிக இடம். நான் பார்த்த "எஞ்சின் இழுக்கல" புகார்களில் பெரும்பகுதி இங்கே வந்துதான் நிற்கும்.

*2அ. கிளட்ச் லீவரைப் பிடித்திருந்தும் வண்டி முன்னால் ஊர்கிறது*

நாடாவைத் தொட்டால் அந்த ஓட்டத்திலிருந்து நீக்கம். சில போட்டிகளில் 15 மீட்டர் பின்னால் நிறுத்துவார்கள். கிளட்ச் முழுதாக விடுபடாததுதான் காரணம்.

எஞ்சினை அணைத்து, லீவரைப் பிடித்துக்கொண்டு வண்டியைத் தள்ளுங்கள். எஞ்சின் சுழலாமல் வண்டி மட்டும் தாராளமாக உருள வேண்டும். குளிர்ந்த நிலையில் உருளுகிறது, ரெண்டு ஓட்டத்துக்குப் பிறகு இழுக்கிறது என்றால் பிளேட் சூட்டில் விரிகிறது. நாடாவில் நீண்ட நேரம் எஞ்சினை உறும விட்டு லீவரைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்களுக்கு இது வரும். அதற்கு மருந்து பழக்கத்தில் இருக்கிறது, கருவிப் பெட்டியில் இல்லை.

குளிர்ந்த நிலையிலேயே இழுக்கிறது என்றால் இந்த வரிசையில்: கேபிள் தொய்வு அதிகமா, லீவரைப் பிடிக்கும்போது அழுத்தும் தட்டு எல்லாப் பக்கமும் ஒரே அளவில் எழுகிறதா (சாய்ந்து எழுந்தால் ஸ்பிரிங் நட்டுகளைச் சமப்படுத்துங்கள்), ஸ்டீல் பிளேட் வளைந்திருக்கிறதா. பிளேட்டைக் கண்ணாடித் தட்டின் மேல் வைத்து ஓரத்தில் மெல்லிய ஃபீலர் நுழைகிறதா என்று பாருங்கள். நுழைந்தால் பிளேட்டைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

கடைசியாகக் கிளட்ச் கூடை. பிளேட் காதுகள் உட்காரும் பிளவுகளின் ஓரத்தில் விரல் நகத்தை மேலிருந்து கீழே இழுத்துப் பாருங்கள். நகம் படிப்படியாகத் தட்டுகிறதா? ஒவ்வொரு பிளேட்டும் தன் இடத்தில் ஒரு பள்ளம் வெட்டி வைத்திருக்கிறது. பிளேட் அந்தப் பள்ளத்தில் மாட்டிக்கொண்டு விடுபடாது, விடுபடும்போது குதிக்கும். பள்ளம் மெல்லியதாக இருந்தால் அரத்தால் சமமாகத் தேய்த்து எடுக்கலாம், எல்லாப் பிளவிலும் ஒரே அளவு. நகம் முழுதாக உள்ளே போய் நிற்கும் ஆழம் என்றால் கூடையை மாற்றுங்கள். அரம் வைத்துத் தேய்த்துக்கொண்டே போனால் பிளவு அகலமாகி, பிளேட் ஆடி, வேறு பழுது வரும்.

*2ஆ. எஞ்சின் கத்துகிறது, வண்டி நகரவில்லை*

பின் சக்கரம் சுழல்கிறதா, சுழலவில்லையா? யாராவது ஒருவரைப் பக்கவாட்டில் நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள், அல்லது போனில் எடுக்கச் சொல்லுங்கள். ஓட்டுநருக்கு இது தெரியாது.

சக்கரம் சுழலவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. எஞ்சினை அணைத்து, லீவரை விட்டுவிட்டு, வண்டியை முன்னால் தள்ளி அழுத்தத்துக்கு எதிராக முட்டுங்கள். எஞ்சின் அசையாமல் சக்கரம் நகர்ந்தால் வழுக்கல் உறுதி. கேபிளில் தொய்வு சுத்தமாக இல்லாமல் இறுக்கியிருப்பது மிக மலிவான காரணம். அடுத்து, முதன்மைச் செயினுக்கு (எஞ்சினிலிருந்து கிளட்சுக்குப் போவது) அடித்த எண்ணெய் பிளேட்டில் தெறித்திருப்பது. இது உலர் கிளட்ச், எண்ணெய் ஒட்டக் கூடாது. பிளேட்டைக் கழுவி, பளபளப்பை உப்புத்தாளால் எடுத்து மாட்டுங்கள். பிறகு வெர்னியரால் பிளேட் தடிமனையும் ஸ்பிரிங் நீளத்தையும் அளந்து தயாரிப்பாளர் சொன்ன எல்லையோடு ஒப்பிடுங்கள். ஸ்பிரிங் நட்டை இன்னும் இன்னும் இறுக்கி வழுக்கலை மறைப்பவர்கள் உண்டு. லீவர் கல்லாகிவிடும், நாடாவில் விரல் நடுங்கும், அதைவிடப் புது ஸ்பிரிங் போட்டுவிடலாம்.

சக்கரம் சுழல்கிறது, மண்ணைத்தான் வாரிக் கொட்டுகிறது என்றால் கிளட்ச் நல்லது. டயர் விளிம்பு, காற்று, நிற்கும் இடம் மூன்றையும் பாருங்கள். முன்னால் ஓடியவர்கள் தோண்டிய இடத்தில் அடியில் கடினத் தரை வந்திருக்கும். நாடாவுக்குப் போகும்போது காலால் ஈர மண்ணை இழுத்துச் சக்கரத்தின் கீழ் சேர்ப்பது அதற்காகத்தான்.

*2இ. முன் சக்கரம் தூக்குகிறது*

இதற்கு எஞ்சினைக் குறை சொல்ல முடியாது, அது நன்றாகவே இழுக்கிறது. ஓட்டுநர் முன்னால் நகர்ந்து உட்கார வேண்டும். பின் சக்கரம் சட்டத்தின் பிளவில் எவ்வளவு முன்னால் நிற்கிறது என்றும் பாருங்கள். பல் மாற்றிய பிறகு செயின் நீளம் சரிக்கட்டச் சக்கரத்தை முன்னால் தள்ளியிருந்தால் எடை பின்னால் விழும், மூக்கு தூக்கும். ஒரு கண்ணி சேர்த்துச் சக்கரத்தைப் பின்னால் தள்ளினால் அடங்கும்.

*2ஈ. ஆக்ஸிலேட்டரைத் திறந்தவுடன் திணறி, பிறகு எழுகிறது*

திணறல் மந்தமான குடுகுடுச் சத்தத்தோடு வந்தால் எரிபொருள் அதிகம். கார்புரேட்டர் வழியாக 'பட்' என்று திருப்பி அடித்தால் குறைவு. காற்று ஃபில்டரில் சேறு அடைத்திருப்பது முதல் வகைக்குக் காரணம், இன்டேக் ரப்பரில் வெடிப்பு இரண்டாவதற்கு. இரண்டும் இல்லையென்றால் ஜெட். ஒரு படி மட்டும் மாற்றிப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் பெரிய ஜெட் பக்கம் போங்கள். எரிபொருள் அதிகமானால் ஓட்டம் கெடும், குறைந்தால் பிஸ்டன் ஓட்டையாகும்.

3. ஆக்ஸிலேட்டரை விட்டும் எஞ்சின் இறங்கவில்லை

பிரேக் இல்லாத வண்டியில் இதைவிட மோசமான அறிகுறி கிடையாது. "இன்னும் ஒரு ஓட்டம் பார்த்துக்கலாம்" என்ற பேச்சு கூடாது. கட்-அவுட் கயிற்றை இழுத்து நிறுத்தி, பிட்டுக்குத் தள்ளிக்கொண்டு வாருங்கள்.

ஹேண்டில்பாரை இடது கோடிவரை, பிறகு வலது கோடிவரை திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் ஆக்ஸிலேட்டரைத் திறந்து விடுங்கள். 'டக்' என்று மூடும் சத்தம் கேட்க வேண்டும். திருப்பும்போது மட்டும் மாட்டினால் கேபிள் போகும் பாதை தவறு. எப்போதும் மந்தமாக மூடினால்: கைப்பிடி ரப்பர் முனையில் உரசுகிறதா, கேபிளின் முனையில் ஒற்றை இழை பிரிந்து நிற்கிறதா (ஒரே ஒரு இழை போதும், கேபிளையே மாற்றுங்கள்), கார்புரேட்டர் ஸ்லைடில் (ஆக்ஸிலேட்டர் கேபிள் தூக்கி இறக்கும் அடைப்பு) மண்.

ஸ்லைடைக் கழற்றிக் கழுவி உலர்ந்த நிலையில் தானாக விழுகிறதா பாருங்கள். விழவில்லை, கழுவியும் மாட்டுகிறது என்றால் கார்புரேட்டரைப் பிடிக்கும் கிளாம்பை மிகையாக இறுக்கி உடம்பையே நெளித்திருக்கலாம். தளர்த்தினால் விழுந்தால் அதுதான். தளர்த்தியும் விழாவிட்டால் உடம்பு கெட்டுவிட்டது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

ஸ்லைடு முழுதாக மூடியிருந்தும் எஞ்சின் வேகம் இறங்காமல் தொங்குகிறது என்றால் எங்கோ காற்றுக் கசிவு. எஞ்சின் ஓடும்போது இன்டேக் இணைப்பைச் சுற்றித் தண்ணீரைப் பீய்ச்சுங்கள். சத்தம் மாறும் இடத்தில் கசிவு. தண்ணீர் மட்டும்தான், எரியக்கூடிய ஸ்பிரே எதுவும் வேண்டாம்.

4. முதல் ரெண்டு சுற்று நன்றாக ஓடி, பிறகு மிஸ் ஆகிறது

பெட்ரோல் எஞ்சின் பழகியவர்கள் இங்கே ஏமாறுவார்கள். ஒரு பங்கு பெட்ரோல் எரிய 14.7 பங்கு காற்று வேண்டும், மெத்தனாலுக்கு 6.4 போதும். அதாவது அதே காற்றுக்கு இரண்டு மடங்குக்கும் மேல் எரிபொருள் ஓட வேண்டும். பெட்ரோல் வண்டியில் தெரியாத சின்ன அடைப்பு இங்கே மூன்றாவது சுற்றில் காலை வாரும்.

ஓட்டுநரிடம் கேளுங்கள்: மிஸ் ஆகும்போது ஆக்ஸிலேட்டரைப் பாதி மூடினால் சரியாகிறதா? ஆம் என்றால் எரிபொருள் பஞ்சம். இல்லை என்றால் மின்சாரப் பக்கம் போங்கள்.

*எரிபொருள் பஞ்சம்.* கார்புரேட்டரில் குழாயைக் கழற்றி ஒரு பாத்திரத்தில் ஒரு நிமிடம் ஓட விடுங்கள். ஆரம்பத்தில் நன்றாக வந்து சில நொடிகளில் மெலிந்தால் டேங்க் மூடியின் காற்றுக்குழாய் அடைத்திருக்கிறது. மூடியைத் திறந்ததும் மறுபடி வேகம் பிடிக்கும். மண் தடத்தில் இது அடிக்கடி. தொடக்கத்திலிருந்தே மெலிவு என்றால் டேப்புக்குள் இருக்கும் வலை. ஓட்டம் நன்றாக இருக்கிறது, ஆனாலும் பஞ்சம் என்றால் ஃப்ளோட் சேம்பரை (கார்புரேட்டரில் எரிபொருள் தேங்கும் கிண்ணம்) திறங்கள். உள்ளே வெள்ளையாகத் தூளோ கொழகொழப்போ இருந்தால் மெத்தனாலும் ஈரமும் சேர்ந்து அலுமினியத்தை அரித்திருக்கிறது. அது ஜெட்டின் வாயில் உட்கார்ந்துகொள்ளும். கழுவி, ஒவ்வொரு துளையிலும் காற்றடித்து, ஃப்ளோட் உயரத்தைத் தயாரிப்பாளர் அளவுக்கு வையுங்கள்.

இந்த வெள்ளைத் தூள் திரும்பத் திரும்ப வருகிறதென்றால் அது பராமரிப்புக் குறை. பந்தய நாள் முடிந்ததும் மெத்தனாலை முழுதாக வடித்து, கார்புரேட்டரில் கொஞ்சம் பெட்ரோல் ஓட்டிக் கழுவி வையுங்கள். வாரம் முழுக்க மெத்தனாலோடு நின்ற கார்புரேட்டர் அடுத்த பந்தயத்தில் பழிவாங்கும். எரிபொருள் குழாயும் மெத்தனாலுக்கு உகந்ததாக இருக்க வேண்டும். சாதாரணக் குழாய் உள்ளே உரிந்து துகளாக வரும்.

*இடப்பக்கத் திருப்பத்தில் மட்டும் திணறல், நேரில் சரி* என்றால் ஃப்ளோட் சேம்பரில் எரிபொருள் ஒரு பக்கம் ஒதுங்குகிறது. ஃப்ளோட் உயரமும் கார்புரேட்டர் நேராக நிற்கிறதா என்பதும்தான் பார்க்க வேண்டியவை.

*மின்சாரப் பக்கம்.* குண்டும் குழியுமான இடத்தில் மிஸ் என்றால் தளர்ந்த இணைப்பு, கட்-அவுட் சுவிட்ச் அதிர்வது, பூமி இணைப்பில் பெயிண்ட். சூடானதும் மிஸ், ஆறினதும் சரி என்றால் பிக்கப் காயில் அல்லது இக்னிஷன் பெட்டி. நண்பரின் நல்ல பெட்டியை ஒரு ஓட்டத்துக்கு மாற்றிப் போட்டுப் பார்ப்பதுதான் மலிவான சோதனை.

5. எஞ்சினே சந்தேகத்துக்குரியது என்பதற்கு அடையாளங்கள்

இவற்றில் ஒன்று தெரிந்தால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள், எஞ்சின் கட்டுபவரை அழையுங்கள்:

வடித்த எண்ணெயில் உலோகத் துகள் மினுங்குவது. காந்தத்தில் ஒட்டினால் ஸ்டீல், பெரும்பாலும் பேரிங். ஒட்டாமல் வெள்ளியாக மின்னினால் பிஸ்டன்.

பிளக் முனையில் பொடிப் பொடியாக அலுமினிய மணிகள். பிஸ்டன் உருகத் தொடங்கிவிட்டது. மெத்தனாலில் பிளக் நிறம் பெட்ரோலில் போலத் தெளிவாகப் பேசாது, ஆனால் இந்த மணிகள் பொய் சொல்லாது.

அடியிலிருந்து, எஞ்சின் வேகத்தோடு கூடிக் குறையும் கனத்த தட்டல். கிராங்க் பிரிக்க பிரஸ் வேண்டும், சேர்த்த பிறகு நேர் பார்க்க டயல் கேஜ் வேண்டும். வீட்டு வேலை அல்ல.

எண்ணெய் பால் போல வெளுத்திருப்பது மட்டும் ஆபத்து அடையாளம் அல்ல. எரியாத மெத்தனால் ரிங்கைத் தாண்டி எண்ணெயில் கலக்கும்; எண்ணெயை மாற்றினால் போதும். மாற்றியும் ஒரே ஓட்டத்தில் மறுபடி வெளுத்தால் எரிபொருள் மிகை, அல்லது ரிங் தேய்மானம்.

6. நேர்ப்பகுதியில் மூச்சு வாங்குகிறது, அல்லது திருப்பம் முடிந்து எழ மாட்டேன் என்கிறது

எஞ்சின் நன்றாக இருந்து இப்படி என்றால் பல் கணக்கு. நேர்ப்பகுதி முடிவதற்கு முன்பே எஞ்சின் உச்சத்தில் கத்திக்கொண்டிருந்தால் பின் பல்லைக் குறையுங்கள். திருப்பத்திலிருந்து வெளியேறும்போது எழத் தாமதித்தால் கூட்டுங்கள். கனத்த ஈர மண்ணில் கூட்ட வேண்டி வரும். வழுக்கும் காய்ந்த தடத்தில் சக்கரம் வீணாகச் சுழன்றால் ஒரு பல் குறைத்துப் பார்க்கலாம்.

கணக்கு எப்போதும் மனதில் இருக்கட்டும். பின்னால் 60 பல் இருந்தால் ஒரு பல் மாற்றம் 1.7 சதவீதம்தான். முன்னால் 16 பல் இருந்தால் ஒரு பல் 6 சதவீதத்துக்கு மேல். முன்னால் ஒன்றை மாற்றுவது பின்னால் ஏறக்குறைய நாலை மாற்றியதற்குச் சமம். நுண்மையாகச் சரிசெய்ய எப்போதும் பின் பல்தான். பல் மாற்றினால் பின் சக்கரத்தின் இடமும் மாறும், பிடிமானமும் மாறும். "ஒரு பல்தானே மாத்தினேன், வண்டியே வேற மாதிரி ஆயிடுச்சு" என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை.

பல் மாற்றிப் பயனில்லை என்றால் பின் சக்கரத்தை ஸ்டாண்டில் தூக்கி, லீவரைப் பிடித்துக்கொண்டு கையால் சுழற்றுங்கள். சீக்கிரமே நின்றால் செயின் அதிக இறுக்கம், அல்லது சக்கர பேரிங்கில் மண்.

7. செயின் தாவுகிறது, அறுகிறது

பின் சஸ்பென்ஷன் இல்லாததால் செயின் தொய்வு ஓடும்போது பெரிதாக மாறாது. ஆனால் எந்தப் பல் சக்கரமும் துல்லிய வட்டம் அல்ல. சக்கரத்தை மெல்லச் சுற்றி, செயின் மிக இறுக்கமாகும் இடத்தைக் கண்டுபிடித்து, அந்த இடத்தில்தான் தொய்வு வைக்க வேண்டும்.

பின் பல் சக்கரத்தின் பின்கோடியில் செயினை விரலால் இழுங்கள். பாதிப் பல் வெளியே தெரிந்தால் செயின் முடிந்தது. பல் சுறாத் துடுப்பு போலச் சாய்ந்திருந்தால் பல் சக்கரமும் முடிந்தது, இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். இணைப்புக் கண்ணியின் கிளிப்பில் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும்.

புதுச் செயின், புதுப் பல், ஆனாலும் தாவுகிறது என்றால் நேர் விளிம்புள்ள கம்பியை வைத்து இரண்டு பல் சக்கரமும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா பாருங்கள். சக்கரம் சாய்ந்திருந்தால் உங்கள் வேலை. சட்டம் சாய்ந்திருந்தால் சட்டம் நேராக்கும் மேடை உள்ளவரிடம் கொண்டு போங்கள்.

8. திருப்பத்தில் வண்டி சொன்னபடி கேட்கவில்லை

*பின்பக்கம் அளவுக்கு மீறிச் சுற்றிப் போகிறது:* பின் டயரின் விளிம்பைத் தடவிப் பாருங்கள். மண்ணைப் பிடிப்பது அந்தக் கூர்மைதான். மழுங்கியிருந்தால் டயரைக் கழற்றித் திருப்பி மாட்டி மறுபக்க விளிம்பைப் பயன்படுத்தலாம், போட்டி விதி அனுமதித்தால். அடுத்து காற்று: கேஜ் வைத்து ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன் பாருங்கள், வெயிலில் நின்ற டயரில் ஏறியிருக்கும். பிறகுதான் பல் கணக்கு.

*முன்பக்கம் வெளியே தள்ளிக்கொண்டு போகிறது:* முன் டயர் காற்று. ஃபோர்க் தாராளமாக அழுந்தி எழுகிறதா. அழுந்தி அங்கேயே நின்றால் மண், அல்லது வளைவு. பின் சக்கரம் மிக முன்னால் இருந்தாலும் முன்பக்கம் லேசாகி இப்படி ஆகும்.

*சறுக்கிக்கொண்டிருந்த வண்டி திடீரென நிமிர்ந்து வேலியை நோக்கிப் பாய்கிறது:* இதற்குப் பெரும்பாலும் வண்டியில் மருந்து இல்லை. சறுக்கலின் நடுவில் ஆக்ஸிலேட்டரைச் சட்டென மூடினால் பின் டயர் பிடித்துக்கொள்ளும், வண்டி நிமிரும். ஈரமும் வறட்சியும் மாறி மாறிக் கிடக்கும் தடத்திலும் இதே கதி. ஆனால் பழகிய ஓட்டுநருக்கு, சமமான தடத்தில், ஒரே இடத்தில் அல்லாமல் எங்கும் இப்படி நடந்தால் சட்டத்தைப் பாருங்கள்.

சட்டத்தைக் கழுவி, எஞ்சின் பிடிப்புகள், ஸ்டீயரிங் கழுத்து, பின் சக்கரப் பிளவு ஆகிய இடங்களில் வெல்டிங் ஓரமாக விளக்கடித்துப் பாருங்கள். மயிரிழை போல ஒரு துருக்கோடு, அல்லது பெயிண்ட் நேர்கோட்டில் உரிந்திருப்பது வெடிப்பின் அடையாளம். சந்தேகம் என்றால் வெடிப்பு காட்டும் சாயத்தை அடித்துப் பாருங்கள். எஞ்சின் பிடிப்பு போல்ட்டுகளையும் முறுக்கிப் பாருங்கள். இந்தச் சட்டங்கள் ஓரளவு நெகிழவே செய்யப்பட்டவை, ஒரு போல்ட் தளர்ந்தாலே நெகிழ்வு மாறும். வெடிப்பு உறுதியானால் அந்த உலோகத்தைத் தெரிந்த வெல்டர் மட்டும் தொட வேண்டும். மேலே ஒரு தகட்டை வைத்து ஒட்டினால் வெடிப்பு தகட்டின் ஓரத்துக்கு இடம் மாறும், அவ்வளவுதான்.

ஃப்ளாட் டிராக் (ஓவல் மண் தடத்தில் நடக்கும் இன்னொரு வகைப் பந்தயம்) வண்டிக்கும் இந்தத் தலைப்பு அப்படியே பொருந்தும். ஒரு வித்தியாசம்: அதில் முன் பிரேக் இராது, பின் பிரேக் உண்டு. பின்பக்கம் காரணமில்லாமல் சுற்றிப் போனால் பிரேக் ஒட்டுகிறதா என்று சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றிப் பாருங்கள். பெடலை மிக உயரமாக வைத்துக்கொண்டு தெரியாமலே மிதித்துக்கொண்டிருப்பதும் உண்டு.

9. சைக்கிள் ஸ்பீட்வே

தடம் பெரும்பாலும் 70 முதல் 90 மீட்டர், அதே நாலு பேர், நாலு சுற்று, ஒற்றை கியர், ஃப்ரீவீல், பிரேக் இல்லை. எஞ்சின் இல்லாததால் பழுதும் குறைவு, செலவும் குறைவு.

*முதல் மிதியில் கால் வெறுமையாகப் போகிறது:* ஃப்ரீவீலின் பற்கள் பிடிக்கவில்லை. உள்ளே மண், அல்லது கெட்டியான கிரீஸ். மண்ணெண்ணெயில் ஊறவைத்துச் சுழற்றிக் கழுவி, மெல்லிய எண்ணெய் விடுங்கள். ஒருமுறை கழுவியும் வழுக்கினால் மாற்றிவிடுங்கள், விலையைப் பார்க்காதீர்கள். நின்று மிதிக்கும்போது வழுக்கினால் நெஞ்சு ஹேண்டில்பாரில் போய் மோதும்.

*செயின் கழல்கிறது:* தொய்வு. பிறகு முன் பல் சக்கரம் கோணலா என்று சுற்றிப் பாருங்கள், ஓரத்தில் ஒரு பென்சிலை அசையாமல் பிடித்தால் கோணல் தெரியும்.

*மிதிக்கும்போது 'டிக் டிக்':* கிராங்க் போல்ட், அல்லது பெடல். இடது பெடலுக்கு எதிர்மரை, இறுக்க இடப்பக்கம் திருப்ப வேண்டும். வலம் திருப்பி 'இறுக்கி' மரையைக் கெடுத்த கிராங்குகள் ஏராளம். மரை போய்விட்டால் பொருத்தப்பட்ட புது மரை உறை போட லேத்காரரிடம் கொடுக்கலாம். மலிவான கிராங்க் என்றால் மாற்றுவதே லாபம்.

*சக்கரம் ஆடுகிறது:* முதலில் ஆக்சிலைப் பக்கவாட்டில் அசையுங்கள். 'டக் டக்' என்றால் கோன் தளர்ந்திருக்கிறது. அசையவில்லை, ரிம் மட்டும் நெளிகிறது என்றால் கோட்டம் எடுக்க வேண்டும். ஸ்போக்குகளை இரண்டு இரண்டாகப் பிடித்து அழுத்துங்கள், தளர்ந்தவை கையில் தெரியும். ஒரு மோதலில் ரிம் மடிந்திருந்தால் கோட்டம் எடுத்து நிற்காது, ரிம் மாற்றுங்கள்.

*முன்பக்கம் தட்டுகிறது, திருப்பத்தில் தானாக மடிகிறது:* முன் சக்கரத்தைச் சில அங்குலம் தூக்கித் தரையில் போடுங்கள். கழுத்தில் தட்டல் கேட்டால் ஹெட்செட் (கழுத்து பேரிங்) தளர்வு. கேட்கவில்லையென்றால் சைக்கிளைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள்: ஃபோர்க்கின் மேல்பகுதி கழுத்துக் குழாயின் கோட்டிலேயே இறங்க வேண்டும். பின்னால் மடங்கியிருந்தால் மோதலில் வளைந்தது. ஃபோர்க்கை நேராக்கித் தருகிறேன் என்று சொல்பவர் கிடைப்பார். கொடுக்காதீர்கள், புதிது போடுங்கள். அதோடு கழுத்துக் குழாயின் அடியில், சாய்குழாய் சேரும் இடத்தில் பெயிண்ட் சுருங்கியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். சுருங்கியிருந்தால் சட்டமும் மடங்கியிருக்கிறது, புது ஃபோர்க் வாங்கும் காசைச் சட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.